காதால் வைத்த டைமிங்

தொண்ணூறுகளில் தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் டீசல் மெக்கானிக்காக இருந்தேன். பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன் சுரங்க வேலையிலிருந்து நின்று ஒரு பழைய டீசல் வேன் வாங்கினார். பாறையில் டிரில் பிடித்துப் பிடித்தே அவருக்குக் காது மந்தமாகியிருந்தது.

ஒருநாள் அந்த வேனின் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைக் கழற்றிச் சரிசெய்து மாட்டினேன். அது இருந்த நிலையிலேயே திரும்ப மாட்டுவதற்காகக் கழற்றும் முன் போடும் குறியை நான் போடவில்லை. டீசல் பாய வேண்டிய நேரத்தை, அந்த டைமிங்கை, சத்தத்தை வைத்தே வைத்துவிடுவேன் என்று எனக்குத் திமிர். மறுநாளிலிருந்து வேன் வெள்ளைப் புகை கக்கியது. காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகவில்லை.

“எனக்கு காது கேக்கல. இன்ஜின் இன்னா சொல்லுதுன்னு நீதாம்பா சொல்லணும்” என்றார் அண்ணன்.

என் வேலையைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. “இன்ஜினே போச்சுண்ணா” என்றேன்.

அதை நம்பி, வேனை வந்த விலைக்கு விற்றுவிட்டு, பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

வாங்கியவர் அதே வேனை என்னிடமே கொண்டுவந்தார். பம்ப்பின் நட்டுகளைத் தளர்த்தி, பம்ப்பை நூலளவு திருப்பி இறுக்கினேன். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. புகையே இல்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் ஊருக்கு வந்தபோது, “தப்பு என்னுதுண்ணா, இன்ஜினுது இல்ல” என்றேன்.

அவர் சிரித்து, “நல்லா இருக்கேம்பா” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவரிடம் எப்போதும் கத்தித்தான் பேசுவேன். அன்று மட்டும் மெதுவாகச் சொன்னேன்.