எழுந்து சிரிக்கும் ஷாட்

‘கட்’ சொல்லும் உரிமை இயக்குநருக்கு மட்டும்தான். படப்பிடிப்பில் வேறு எதை மீறினாலும் திட்டோடு போய்விடும். இதை மீறினால் அடுத்த நாள் வேலை இருக்காது. நடிகர் வசனத்தை மறந்து வாய் பிளந்து நின்றாலும், கூரையே இடிந்து விழுந்தாலும், அவர் சொல்கிற வரைக்கும் கேமரா ஓட வேண்டும். நான் உதவி இயக்குநராக இருந்த இத்தனை காலத்தில் ஒரே ஒரு முறை அந்தச் சொல்லைக் கத்தியிருக்கிறேன். கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில், கோபம் தலைக்கேறிப் போய்.

உதவி இயக்குநர் என்றால் இயக்குநர் பக்கத்தில் நின்று கலை கற்றுக்கொள்கிற ஆள் என்று வெளியே நினைக்கிறார்கள். என் அம்மாகூட அப்படித்தான் சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் எல்லாத் துறைக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நான். வெளிச்சம் குறைந்தால் கேமராமேன் சூரியனை முறைக்க மாட்டார், என்னைத்தான் முறைப்பார். ஜெனரேட்டர் நின்றால் லைட்காரர்கள் என்னைத் தேடுவார்கள். ஒலிப்பதிவாளர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டுவார். அதற்கு அர்த்தம், எதிர் மலையில் தேயிலை வெட்டுகிற மெஷின் சத்தம் மைக்கில் விழுகிறது, நீ போய் நிறுத்து என்பது. நான் சரிவில் மூச்சிரைக்க ஏறிப்போய், வங்காளதேசத்துத் தொழிலாளிகளிடம் என் அரைகுறை மலாயில் கெஞ்சிவிட்டு இறங்கி வருவேன். அதற்குள் கேமராமேன் லென்ஸை மாற்றிக்கொண்டிருப்பார்.

இயக்குநருக்கு மூடுபனி வேண்டும். கோலாலம்பூரிலிருந்து மொத்தப் பட்டாளத்தையும் அவர் மலைக்கு இழுத்து வந்ததே அதற்காகத்தான். அது அவர் கேட்கிறபோது வராது. கேட்காதபோது வந்து லென்ஸ் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஃபோகஸ் பார்க்கிறவர் துடைத்துத் துடைத்தே சலித்துப்போனார்.

அன்றைக்குக் கதாநாயகனின் அப்பா இறந்துபோகிற காட்சி. தோட்டத்துத் துரை பெரிய மனது பண்ணி லயத்தில் எடுக்க அனுமதி தந்திருந்தார். ஆட்கள் வேலை முடிந்து மலையிலிருந்து இறங்குவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. வீடு ஒரு லாரி டிரைவருடையது. தோட்டத்து லாரியை ஓட்டியவர், இப்போது மெடிக்கல் லீவில் வீட்டில் இருந்தார். அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆன்ட்டி என்றும்தான் நாங்கள் கூப்பிட்டோம். ஆன்ட்டி எங்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, ஏதோ சாமான் வாங்கவேண்டும் என்று காலையிலேயே பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்விட்டார்.

கலை இயக்குநர் வாசலில் சாவு வீட்டுக் கூடாரமாகக் கெமா போட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பினார். தப்படிக்கிறவர்கள் வந்து தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரி வைக்கத் துணை நடிகைகள் தயார். எல்லாம் இருந்தது, பிணம் மட்டும் இல்லை.

பிணமாக நடிக்க வேண்டியவர் சொந்த காரில் சிம்பாங் பூலாய் மலைப்பாதை வழியாக வந்துகொண்டிருந்தார். பள்ளி விடுமுறை. கியா பார்ம் காய்கறிச் சந்தையருகே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. நான் போன் அடிக்கும்போதெல்லாம் “இதோ, மார்க்கெட்டத் தாண்டிட்டேன்” என்பார். எந்த மார்க்கெட் என்று சொல்ல மாட்டார். நாயாகப் பேயாக அலைந்து ஒரு காட்சியைத் தயார் செய்து வைத்தால், சாவதற்குக்கூட ஓர் ஆள் நேரத்துக்கு வருவதில்லை.

“வைட் ஷாட்டயாச்சும் எடுத்துடலாம். தூரத்திலிருந்துதானே, யாராவது படுக்கட்டும்” என்றார் இயக்குநர். அவர் சொன்ன ‘யாராவது’ என்பதற்கு ‘நீ தேடிப் பிடி’ என்று அர்த்தம். நான் யூனிட்டைச் சுற்றிப் பார்த்தேன். லைட்காரர்கள் திடீரென்று வயர் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அங்கிள் சிகரெட் பிடிப்பதுபோல் விரலை வைத்து வெறுங்கையை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “படுத்துக் கெடக்கத்தானே? நான் படுக்கறேன்லா.”

நடிகரின் உயரமும் அவர் உயரமும் ஒன்று. காலில் விழாத குறையாக நன்றி சொன்னேன். மேக்கப்காரர் மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினார். அங்கிள் பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடினார். அப்படி ஒரு பிணத்தை நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்குவது தெரியவில்லை, இமை துடிக்கவில்லை. பிணமாகப் படுத்தவுடன் மூக்கு அரிக்கிற நடிகர்கள்தான் எனக்குப் பழக்கம்.

கிளாப் அடித்தார்கள். தப்பு முழங்கியது. பெண்கள் அழுதார்கள். பனியும் அதிசயமாக அந்த நேரம் பார்த்து இறங்கியது. இயக்குநர் மானிட்டருக்கு முன்னால் உருகிப்போய் நின்றார்.

பிரிஞ்சாங்கிலிருந்து வந்த வண்டி நெரிசலில் நகராததால் ஆன்ட்டி முச்சந்தியிலேயே இறங்கி, பைகளோடு மேட்டில் நடந்து வந்திருக்கிறார். சாவுக் காட்சி எடுக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வளைவில் திரும்பியவர் கண்ணில் முதலில் பட்டது கேமரா இல்லை, பெஞ்சில் கிடந்த புருஷன் முகம். பைகள் கீழே விழுந்தன. அவர் போட்ட சத்தத்தில் தப்பு தானாக நின்றது. துணை நடிகைகளும் அழுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

நான் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டில் விரல் வைத்து, “ஓடட்டும், ஓடட்டும், இந்த மாதிரி அழுகை கிடைக்காது” என்று கிசுகிசுத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “கட்!” என்று கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன்.

அதே நேரத்தில் பிணமும் எழுந்து உட்கார்ந்தது. “ஏய், எனக்கு ஒண்ணுமில்ல, நடிப்புலா!” என்றார் அங்கிள். தாடைக் கட்டினால் அது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. ஆன்ட்டி ஓடிவந்து மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். நெற்றிக் காசைத் தட்டிவிட்டார்.

“அறிவிருக்கா உங்களுக்கு?” என்று என் பக்கம் திரும்பினார். “வர்ற திங்கக்கெழம ஈப்போவுல இவருக்கு நெஞ்சத் தொறந்து ஆப்பரேஷன். அதுக்குத்தான் நான் பிளாஸ்க்கும் சாரோங்கும் வாங்கப் போனேன். நீங்க மூக்குல பஞ்ச வெச்சுப் படுக்கப் போட்டிருக்கீங்க!”

நான் அங்கிளைப் பார்த்தேன். “ஏன் அங்கிள் சொல்லல?” என்றேன். “டாக்டரும் படுத்து ரெஸ்ட் எடுங்கன்னுதான்மா சொன்னாரு” என்றார், தப்பு செய்த மாணவன் மாதிரி. அவரை அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் பதிவு செய்த பிறகுதான் அடுத்த வேலை. கதையில் அது வராது, யாரும் ஒளிபரப்ப மாட்டார்கள். அந்த ஆள்மேல் சாவின் நிழல் தங்கிவிடக் கூடாது என்பதற்காக எடுப்பது. நாத்திகம் பேசுகிற கேமராமேன்கள்கூட இதில் வாயைத் திறக்க மாட்டார்கள். மேக்கப்காரர்தான் ஆன்ட்டியிடம் மெல்ல இதைச் சொன்னார். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப மொதல்ல அத எடுங்க” என்றார்.

“அது நடிகருக்குத்தான். இவர் டூப்தானே?” என்றார் இயக்குநர். “லைட் போகுது.”

இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. டூப்புக்குச் சாவு வராதா? அதையே கேட்டேன், யூனிட் மொத்தமும் கேட்கிற மாதிரி. கட் சொன்னதோடு என் வேலை போயாகிவிட்டது, இனி என்ன போகப்போகிறது என்ற துணிச்சல். கேமராமேன் லென்ஸை மாற்றினார். லைட்காரர்கள் அணைத்த விளக்கை மறுபடி போட்டார்கள். இயக்குநர் போய் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார்.

சிரிப்பு ஷாட் சுலபம் என்றுதான் நினைத்தேன். அங்கிளை வாசல் சுவரோரம் உட்கார வைத்து, பின்னால் கெமா தெரியக்கூடாது என்பதற்காக ஃபிரேமை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தோம். “சிரிங்க அங்கிள்.” அங்கிள் அடையாள அட்டைக்குப் போஸ் கொடுக்கிற மாதிரி விறைத்துப்போனார். செத்துக் கிடந்தபோது உயிரோட்டமாக இருந்த மனிதர், உயிரோடு உட்காரச் சொன்னால் மரக்கட்டையாகிவிட்டார். பல்லைக் காட்டினார், அது சிரிப்பில்லை. ஒலிப்பதிவாளர் ஜோக் சொன்னார். அது அவருக்கே புரியவில்லை. பனி வந்தது, துடைத்தோம். விளக்கு அணைந்தது, போட்டோம். எத்தனையாவது டேக் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மேலே பாதையில் வேலை முடிந்து இறங்குகிறவர்களின் பேச்சுக்குரல் கேட்க ஆரம்பித்தது.

“ஒரு சிரிப்பு அங்கிள், ஒரே ஒரு சிரிப்பு” என்று கெஞ்சினேன். என் குரலே அழுகிற மாதிரி இருந்தது.

ஆன்ட்டி பொறுமையிழந்து நேராகக் கேமராவுக்கு முன்னால் நடந்துவந்தார். முந்தானையால் அங்கிள் முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தார். “பொணமா படுன்னா மட்டும் ஒடனே படுத்துருவீங்க. எனக்காக ஒரு வாட்டி பல்லக் காட்ட மாட்டீங்க. கல்யாண போட்டோலயும் இதே மூஞ்சிதான்!”

அங்கிள் சிரித்துவிட்டார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, மனைவியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் போன பிறகு நடிகர் வந்து சேர்ந்தார், கையில் இரண்டு டப்பா ஸ்ட்ராபெரியோடு. நான் அவரிடம் பேசவில்லை. பேசியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத முடிகிற இடத்தில் இருந்திருக்க மாட்டேன்.

வேலை போகவில்லை. என் அளவுக்குத் திட்டு வாங்க வேறு ஆள் கிடைக்கவில்லை போலும். திங்கட்கிழமை காலையில் கோலாலம்பூர் ஸ்டூடியோவில் இருந்தபோது ஆன்ட்டி போன் செய்தார். “உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கமா. அந்தச் சிரிச்ச படம் இருந்தா அனுப்பறியா?” அவ்வளவுதான் கேட்டார். நான் எடிட்டரிடம் ஓடினேன். “எந்த சீன், எந்த ஷாட்?” என்றார் அவர். எந்த சீனும் இல்லை என்றேன். சீன் எண் இல்லாததை எங்கே தேடுவது, கிளாப்கூட அடிக்கவில்லையே என்று விதிமுறை பேசினார். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு நானே தேடி எடுத்து அனுப்பினேன்.

அன்று முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். செட்டில் யாரும் போனைத் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். அன்று பத்து நிமிஷத்துக்கொரு தடவை நானே தொட்டேன். சாயங்காலம் ஒரு செய்தி வந்தது: ஆப்பரேஷன் முடிந்தது, இன்னும் கண் விழிக்கவில்லை. அடுத்த நாள் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் செய்து கேட்கத் தைரியம் வரவில்லை. படுக்கிறேன் என்று அவர் முன்னால் வந்து நின்றதும், நான் நன்றி சொன்னதும்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

வார இறுதியில், ஒரு ஷாட்டுக்கு எல்லோரும் தயாராகி நின்ற நேரத்தில், ஆன்ட்டியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இயக்குநர் முறைத்தார். நான் எடுத்தேன். மறுமுனையில் மெலிந்துபோன ஓர் ஆண் குரல்.

“நான்தாம்மா பேசறேன். அந்தப் படத்தப் பாத்தேன். அதுல எங்க வீட்டுக்காரி மொகம் பாதிதாம்மா விழுந்திருக்கு. அவ முழுசா வர்ற மாதிரி இன்னொரு தடவ எடுக்க முடியுமா?”

கேமராமேன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், இயக்குநர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“எடுக்கலாம் அங்கிள்” என்றேன். “எத்தன டேக் ஆனாலும் எடுக்கலாம்.”