கை நனைத்தவர்கள்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற விருந்தாளிகளின் கைகளில் அப்பா தண்ணீர் ஊற்றிய மதியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் முகம் சுடுகிறது.

சென்னையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவர்கள். "சும்மா கோவில் பாக்க வர்ற மாதிரி வர்றோம், பெருசா ஒண்ணும் பண்ணாதீங்க" என்று பையனின் அம்மா போனில் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு எதையும் சும்மா செய்யத் தெரியாது. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்துத் திருவண்ணாமலை போய்க் காத்திருந்தார். ராஜகோபுரத்தில் தொடங்கி ஆயிரங்கால் மண்டபம் வரை காட்டினார். அவர்கள் வேனிலேயே மலையைச் சுற்றி, ஒவ்வொரு லிங்கத்துக்கும் இறக்கி ஏற்றினார். வழியில் அவித்த மல்லாட்டை வாங்கி (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அவரே உரித்து உரித்துக் கொடுத்தாராம். "எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் மலை வேற மாதிரி தெரியும்ங்க" என்று, ஏதோ தானே கட்டிய மலைபோலப் பெருமை வேறு.

வீட்டில் அம்மா வடையும் பாயசமும் செய்திருந்தாள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி, பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து சாப்பாடு சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். பையனின் அம்மா அடுப்படியை எட்டிப் பார்த்தார். எங்களுக்காகக் கிண்டி வைத்திருந்த கேழ்வரகுக் களியைக் கண்டதும், "ஐயோ, களியா! சென்னைல இதெல்லாம் எங்கங்க கிடைக்குது? சாப்டுட்டுத்தான் போவோம்" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்ததே, அதை எப்படிச் சொல்வேன்! தம்பியிடம்கூடக் கொடுக்காமல் சொம்பைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

களியும் கீரைக் கடைசலும் மல்லாட்டைத் துவையலும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தீர்ந்தன. பையன் களித்தட்டைப் போட்டோ எடுத்தான். பரிமாறிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே அப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டாங்க!" கல்யாண மண்டபத்தில் தேதி விசாரித்துவிட்டு வந்தார். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

பிறகு பையனின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. நாங்களும் கேட்கட்டும் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "பையனுக்கு அவ்வளவா இஷ்டமில்லைங்க, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா சாப்பாடு பிரமாதம். இன்னும் அதையேதான் பேசிட்டிருக்கோம்." அப்பா கெஞ்சுகிற குரலில், "கை நனைச்சீங்களேங்க..." என்றார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னங்க?" என்றார். அப்பா திரும்பவும் சொன்னார். "கை நனைச்சீங்களே." நான் போனைப் பிடுங்கி அணைத்தேன். என்னை வேண்டாம் என்றது பெரிதாக வலிக்கவில்லை. அப்பா அதை இரண்டாவது முறை சொன்னாரே, அப்போதுதான் எனக்கு மானம் போனது.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது; செங்கம் சாலைப் பக்கம் குடியிருக்கிறேன். போன மாதம் தம்பிக்குப் பெண் பார்க்கப் போளூர் பக்கம் போனோம். இந்த முறை நாங்கள் பையன் வீட்டார். பலகாரம் சாப்பிட்டு முடிக்கும்போதே, "எனக்குப் புடிக்கலக்கா" என்று தம்பி என் காதில் சொல்லிவிட்டான். அப்பாவிடம் கண்ணைக் காட்டினேன். எழுந்து வாசலுக்கு வந்தால், பெண்ணின் அப்பா ஒரு சொம்போடு நிற்கிறார். "மணி ரெண்டாச்சுங்க. ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க."

அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். காலையிலிருந்து அந்தப் பலகாரம் தவிர அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "வேணாங்க, பசியில்ல" என்றார். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. முகம் அப்படியே விழுந்தது. சொம்புத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். முறைப்படிதான் நடந்துகொண்டோம். ஆனாலும் என்னால் தலை நிமிர முடியவில்லை.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மலை தெரிந்ததும் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊர் நெருங்கும்போது, "களி சாப்ட்டவங்களாவது என்னை ஒரு வாரம் சந்தோசமா இருக்க வுட்டாங்கம்மா" என்றார்.

வீட்டில் அம்மா தட்டு வைத்தாள். அப்பா எங்கள் சொம்பை எடுத்து, தன் கையில் தானே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். கை காய்ந்த பிறகும் சோற்றைத் தொடவில்லை.