நாலு மணிக்கு மேல் இளநீர் கிடையாது

கூமாப்பட்டியிலிருந்து வந்திருந்த மதினியின் அப்பா, பொழுது சாயும் நேரத்தில் நாலாவது இளநீரைச் சீவி என் அண்ணன் கையில் கொடுத்தார். "குடிங்க மாப்ளே. எல்லாம் சூடு. குளிர்ச்சிதான் இதுக்கு மருந்து." அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தினமும் ராத்திரி மூன்று முறை அண்ணனின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் நாங்கள்தான்!

மில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அண்ணனுக்குத் தானாக நீர் பிரியாது. கொதிக்கவைத்த ரப்பர் குழாயை உள்ளே செலுத்தி நானோ மதினியோ வடித்துவிட வேண்டும். கற்றுக்கொடுத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர். ராத்திரி தூங்க வழியுண்டா என்று அண்ணன் கேட்டதற்கு, வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"ஏலே, நீ என்ன ஜமீனா, விடிய விடியத் தூங்க? ஒம் பொண்டாட்டியும் தம்பியும் ஜாமத்துக்கு ஜாமம் முழிக்கட்டும்!"

ராஜபாளையம் வீட்டுக்கு வந்து சேரும்வரை அண்ணன் முகத்திலிருந்து துண்டை எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கம்பவுண்டரின் தொண்டைக்குள்ளேயே திருப்பித் திணிக்க வேண்டுமென்று ஆறு வாரமாகக் கருவிக்கொண்டிருந்தேன்.

அந்த நாலாவது இளநீருக்கு மறுநாளே சட்டம் போட்டேன். இளநீர், மோர், பார்லிக் கஞ்சி எல்லாம் வழக்கமான அளவுக்குக் குறையாமல், ஆனால் நாலு மணிக்குள். பிறகு நாக்கை நனைக்க ஒரு மடக்கு. படுக்கும்முன் கடைசிக் குழாய்.

"தாகத்துல மாப்ளயக் கொல்லப் பாக்கியளா, தம்பி?" என்று மாமா முறைத்தார்.

"பகல் பூரா நீங்களே ஊத்துங்க மாமா. ராத்திரி மட்டும் செம்பு என்கிட்ட இருக்கட்டும்."

அப்படியும் ஒருமுறை எழ வேண்டியிருந்தது. பகலெல்லாம் நாற்காலியில் தொங்கி வீங்கிய கால், படுத்ததும் வற்றுவதைக் கவனித்தேன். காலில் தேங்கிய அந்த நீர்தான் ராத்திரி மூத்திரமாக இறங்குகிறது! சாயங்காலமே காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து, அதையும் படுக்கும்முன் வடித்தேன்.

ஒருநாள் மில் சங்கு ஊதித்தான் அண்ணன் கண் விழித்தான். "ஏட்டி, விடிஞ்சிருச்சா? ஏன் எழுப்பல?"

"எழுப்ப நான் முழிச்சிருந்தாத்தானே!" என்றாள் மதினி. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போது விடிய விடியத் தூங்குகிறார் என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிடலாம் என்றாள். வெறுமே சொன்னால் எனக்கு ஆறாது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகையில் அவர் குழாயை எடுக்கும்போது, "தள்ளி நில்லுங்க, நானே போட்டுக்கிடுதேன்" என்று அண்ணன் சொல்ல வேண்டும். நாலு நாள் இருந்தது. அன்று மத்தியானமே அண்ணனைச் சாய்த்து உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கழுவிய அவன் கையில் குழாயைக் கொடுத்தேன்.