பெருமாள் விளக்கும் கார் பேட்டரியும்

எங்கள் காரில் பெருமாளுக்கு ஒரு விளக்கு எரிந்தது. முன் கண்ணாடியை ஒட்டி, சங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே நாமம் போட்ட சின்ன பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு சிவப்பு பல்பு. எல்லாக் காரிலும் இருப்பதுதானே என்பீர்கள். எல்லாக் காரிலும் சாவியை எடுத்தால் அது அணைந்துவிடும். எங்கள் காரில் அணையாது. அதன் ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். வண்டி ஓடினாலும் நின்றாலும், நாங்கள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். அப்படிச் செய்யச் சொன்னவர் என் மாமனார்.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிப்பார், சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ஒரு கூட்டல் தப்பினால் முகம் சுருங்கிவிடும். அதே மனிதர் விளக்கு என்று வந்துவிட்டால் எந்தக் கணக்கையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பெருமாளுக்கு ஏற்றிய விளக்கைச் சாவி போட்டு ஏற்றுவதும் சாவி எடுத்து அணைப்பதும் அபசாரம் என்பது அவர் கட்சி.

"கோயில்லயே ராத்திரி திருக்காப்பு சேர்த்துடறாளே மாமா" என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"கதவைத்தாம்மா சாத்தறா. உள்ளே விளக்கு எரிஞ்சுண்டுதான் இருக்கும்" என்றார்.

பேட்டரிக்கு இந்த சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. சில நாள் சேர்ந்தாற்போல் வண்டியை எடுக்காமல் விட்டால் படுத்துவிடும். அப்புறம் அக்கம்பக்கத்தார் வந்து தள்ள வேண்டும். 'வாத்தியார் ஆத்துத் தேர் புறப்பட்டாச்சு' என்று எதிர்வீட்டு மாமி கிண்டல் செய்வாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்கு மாதம் நெருங்கியபோது அந்தச் சிரிப்பு நின்றது.

எனக்கு அம்மா கிடையாது. பிறந்த வீட்டில் பிரசவம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால் புக்ககத்திலேயே இருந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை ஒட்டி இருக்கிறது என்றார். தேதி நெருங்கும்போது அறுவை செய்து எடுத்துவிடலாம், அதற்குள் ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் வலிக்காகக் காத்திருக்காமல் ஓடி வந்துவிடு என்றார். அவர் ஆஸ்பத்திரி ஊரின் மறு கோடியில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, கார் கிளம்புமா என்பதுதான்.

என் கணவர் வண்டியை பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்வெர்ட்டரும் எமர்ஜென்சி லைட்டும் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனார். "வெளக்குக்குன்னு தனியா ஒரு பேட்டரி வெச்சிடுபா, ரோதனை உட்டுது" என்றாராம் அவர். வீட்டில் வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெருமாளுக்குத் தனிக்குடித்தனமா என்று கேட்டேன். அந்த யோசனை அதோடு போயிற்று.

அதற்குப் பதில் அந்த ரிப்பேர்காரரே ஒரு பெட்டி செய்து கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. விளக்குக்கும் பேட்டரிக்கும் நடுவே அதை மாட்டினால், பேட்டரி இறங்கி ஓர் அளவைத் தொட்டதும் பெட்டி தானாகவே விளக்கை வெட்டிவிடும். மிச்சமிருப்பது வண்டி கிளப்புவதற்கு. எந்த அளவில் வெட்டுவது என்பதை நாம் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு குமிழ், மூன்று கோடுகள்: பன்னிரண்டு வோல்ட், பதினொன்றரை, பத்தரை. பன்னிரண்டில் வைத்தால் விளக்கு சீக்கிரம் அணையும், வண்டி நிச்சயம் கிளம்பும். பத்தரையில் வைத்தால் விளக்கு நாள் கணக்கில் எரியும், அது அணைகிற நேரத்தில் வண்டியைக் கிளப்ப பேட்டரியில் ஒன்றும் இருக்காது. நடுவில் இருப்பது, கிளம்பினாலும் கிளம்பும்.

அன்று சாப்பிடும்போது இதுதான் பேச்சு. என் கணவர் எப்போதும் போல நடுவில் வைக்கலாம் என்றார். மாமனார் பத்தரை என்றார். மாமியார் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் இலையை மூடாத குறை.

"மாமா, விளக்கா, நானா?" என்று கேட்டேன்.

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உன் இஷ்டம்மா" என்றார் கடைசியில். என் கணவர் என் கண்ணெதிரே குமிழைப் பன்னிரண்டில் திருப்பி வைத்தார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வைகாசி பிரம்மோத்சவம் வந்தது. உத்சவ நாட்களில் எங்கள் தெருவில் வண்டி எடுப்பது நடக்காத காரியம். கருட சேவைக்கு வந்த கூட்டத்தில் சைக்கிள்கூட நகரவில்லை. கார் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நின்றபடியே நின்றது. என் கணவர் தண்ணீர்ப்பந்தலில் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டியை ஒரு தரம் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பெட்டி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்.

தேரன்று காலை. வெயில் ஏறிவிட்டது. தெருமுனையில் தேர் வருகிற சத்தம் கேட்டது, தெருவே அங்கே போய்விட்டது. மாமனார் முழங்கால் வலியால் வீட்டில் இருந்தார். என் கணவர் காபி குடித்துவிட்டு வடம் பிடிக்கப் போக வந்திருந்தார். நான் கொல்லைப்பக்கம் போனேன். புடவையில் ரத்தம்.

துளி இல்லை. கணுக்கால்வரை ஓடியது. வலி கொஞ்சமும் இல்லை, அதுதான் என்னை உறைய வைத்தது. கூப்பிட வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. கதவைத் தட்டினேன்.

என்னைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். மாமியார் என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். என் கணவர் சாவியைத் திருகினார். டக் என்று ஒரு சத்தம். மறுபடி திருகினார். மறுபடி டக். அவ்வளவுதான்.

நான் படுத்த இடத்திலிருந்து முன் கண்ணாடி தெரிந்தது. அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவியைத் திருகும்போது ஒரு கணம் மங்கும், விட்டதும் பழையபடி எரியும். அது எரியவே கூடாது. பேட்டரி இந்த நிலைக்கு வருவதற்கு எத்தனையோ முன்னால் அது அணைந்திருக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ரத்தம் போவதைவிட அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

என் கணவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் வெளிறியிருந்தது.

"இதை யார் பத்தரைக்குத் திருப்பினது?"

மாமனார் கார் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தக் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. 'உன் இஷ்டம்மா' என்று சொன்ன மனிதர். பொய் பேசி நான் பார்த்திராத மனிதர். நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். விளக்கு.

தேர்க் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்று என் கணவர் தெருமுனைக்கு ஓடினார். தேர் திருப்பத்தில் நின்றிருந்ததாம், கட்டை போட்டு நேராக்கிக்கொண்டிருந்தார்களாம். வடம் பிடித்தவர்களில் ஒரு பத்துப் பேர் அப்படியே ஓடி வந்தார்கள். வெற்று உடம்பு, வேர்வை, கையெல்லாம் வடக்கயிற்றின் சிராய்ப்பு. ஐயம்பேட்டைக்காரர்கள் என்று பின்னால் தெரிந்தது.

"நீ ஸ்டேரிங்கப் புடி சாமி, நாங்க தள்றோம்" என்றார் ஒருவர். இன்னொருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சி படுத்துக்கினு இருக்குதுபா, குலுக்காம தள்ளுங்க" என்றார்.

முதல் தடவை வண்டி ஒரு உதறு உதறி நின்றது. மாமியார் என் வயிற்றின் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டார். இரண்டாவது தடவை தள்ளும்போது பின் கண்ணாடியில் ஒரு நாமம் தெரிந்தது. மாமனாரும் அவர்களோடு நின்று தள்ளிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர், பஞ்சகச்சத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கு இரக்கம் வரவில்லை. என்ஜின் பிடித்துக்கொண்டது.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுததாம். எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை என் கணவர் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார். நான் படுக்கையில் கிடந்தபடி மாமனாருக்கான வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தேன்.

அவர் வந்தார். தொட்டில் பக்கம் போகாமல் கதவோரமாகவே நின்றார்.

"ஏன் மாமா திருப்பினேள்?"

"உத்சவம் ஆரம்பிச்ச மறுநாள் காலம்பற வந்து பார்த்தேன். விளக்கு அணைஞ்சிருந்தது" என்றார். "பெருமாள் வீதியில எழுந்தருளியிருக்கார். நிறைமாசக்காரி ஆத்துல விளக்கு அணைஞ்சு கிடக்கு. எனக்குக் கை கால் ஓடலம்மா. உனக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னுதான் திருப்பினேன். விளக்கும் உடனே எரிஞ்சுது."

எனக்காகவா? என்னைச் சாகடிக்கப் பார்த்த காரியத்தை எனக்காகவா செய்தார்? திட்டவா, அழவா என்று தெரியாமல் அவரையே பார்த்தேன். அவர் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. தப்பாத ஒரு கூட்டலைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படித் தெளியுமோ அப்படித் தெளிந்திருந்தது.

"கடைசிவரைக்கும் அணையலைம்மா" என்றார். "அதனாலதான் ரெண்டு பேரும் பிழைச்சேள்."

இவரிடம் என்ன பேசுவது. பேட்டரி செத்ததே அந்த விளக்கால் என்று சொல்லலாம். அவருக்கு அது தெரியாதா? தெரியும். அது தெரிந்தும் அவருடைய கணக்கு அவருக்குச் சரியாக வந்திருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அவர் போகும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு அழைத்துப்போக அதே காரில்தான் வந்தார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியிருந்தார்கள், விளக்கு எரிந்தது. மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் குழந்தையோடு பின்னால் ஏறினேன். என் கணவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது.

"நீ சொல்லு. இப்பவே பிடுங்கி எறிஞ்சுடறேன்."

மாமனார் திரும்பவில்லை. அவர் கழுத்து மட்டும் விறைத்தது. இதற்காகத்தான் நான் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். பிடுங்குங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிறதா என்று குனிந்து பார்த்தேன், விட்டது. நிமிர்ந்து விளக்கைப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றேன். வரவில்லை.

அன்று கொல்லையில் ரத்தத்தைப் பார்த்தபோதுகூட நான் இப்படி அதிரவில்லை. விளக்கா நானா என்று கேட்டவள் நான். அணைந்தால் என்ன ஆகும் என்று அந்த நிமிஷம் பயந்தவளும் நான்தான்.

"அந்த ரிப்பேர்காரர் சொன்ன மாதிரி விளக்குக்குத் தனியா ஒரு பேட்டரி வெச்சுடுங்கோ" என்றேன்.

என் கணவர் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதா வாங்கிடாதீங்கோ" என்றேன். "பெருசா வாங்குங்கோ."