படகுக்கு பிரேக் கிடையாது

பிரேக்கை மிதித்தேன். பெடல் எப்போதும் போல அழுத்தமாகத்தான் இருந்தது. கார்தான் நிற்கவில்லை.

முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அக்கா, நிறைமாதம்; செக்கப்புக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை முழு பலத்தோடு மிதித்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஈரத் தரையில் சோப்பை மிதித்தால் கால் போகுமே, அப்படி வழுக்கிக்கொண்டு போனது வண்டி. யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல் இடப்பக்கம் கண்ணில் பட்டது. திருப்பிவிட்டேன். வண்டி மூக்கை மணலில் புதைத்துக்கொண்டு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடி ஏதும் பட்டுச்சாக்கா?"

"ஏன்டி, ஆஸ்பத்திரிக்குன்னு கூட்டியாந்து மண்ணுக்குள்ள சொருவிட்டியேடி" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த வண்டியை நான் எதற்காக வாங்கினேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள்; அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. நான் படித்து, மேலே படித்து, காரைக்காலிலேயே அறிவியல் ஆசிரியை ஆனேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் எப்போதும் கிடையாது. அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது எங்கள் மீனவக் கிராமமான மண்டபத்தூரில் ஆட்டோ கிடைக்கவில்லை. மீன் ஏற்றும் வண்டியில், ஐஸ் தண்ணீர் காலடியில் ஓட, வலியோடு போனாள். அத்தான் அப்போதும் வளைகுடாவில், இப்போதும் அங்கேதான். அடுத்த பிரசவத்துக்கு அவள் என் காரில்தான் போகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பழைய வண்டிதான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெண் ஓட்டும் முதல் கார்.

இப்போது அந்தக் காரிலேயே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அக்காவை ஆட்டோவில் ஏற்றி அம்மாவிடம் அனுப்பிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, டவுனில் பட்டறை வைத்திருப்பவர். நான் அவரை பாய் என்பேன். வண்டியைக் கட்டி இழுத்து வந்து முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றியவர், உள்ளே விரலை விட்டுத் தடவி எடுத்து என் முன்னால் நீட்டினார். விரல் பளபளவென்று இருந்தது.

"தங்கச்சி, டிஸ்க்குல யாரு எண்ணெ பூசுனது?"

"எங்கயாவது ஒழுகியிருக்குமா பாய்?"

"ஒழுகுனா ஒரு எடத்துல இருக்கும். இது பிரஷ்ஷ வச்சிப் பூசுனதுங்க. இந்தச் சக்கரம், அந்தச் சக்கரம், உள்பக்கம், வெளிப்பக்கம். செவுத்துக்கு வெள்ள அடிச்ச மாதிரி. பேடு மொத்தமும் எண்ணெயக் குடிச்சிருச்சு, பாருங்க."

எட்டாம் வகுப்புக்கு உராய்வுப் பாடம் நடத்துகிறவள் நான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிப்பதால்தான் கார் நிற்கிறது. அந்தத் தட்டில் எண்ணெய் பூசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பூசியவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். கோடை விடுமுறைப் பயிற்சிக்காகப் புதுச்சேரிக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தேன். அந்த நாட்களில் வண்டி கடற்கரை ஓரம் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. அப்போதுதான் நடந்திருக்கிறது. வேண்டுமென்று செய்திருக்கிறார்கள். என் ஊரில், என்னைத் தெரிந்த ஒருவர்.

யார் என்றும் உடனே தோன்றியது. எதிர்வீட்டு மாமா. நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம், "டீச்சரம்மா கெளம்பிருச்சு, ஓரமா நில்லுங்கடா" என்று தெருவுக்கே அறிவிப்பவர்.

மாலையில் நேராக வலைக் கொட்டகைக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. ஆண்கள் வலையைச் சீர் பார்த்துக்கொண்டு அங்கேதான் இருந்தார்கள், அப்பாவும் இருந்தார்.

"என் வண்டில எண்ணெ பூசுனது யாரு? ஆம்பளையா இருந்தா முன்னால வரட்டும்" என்று கத்தினேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் மாமாவையே பார்த்தேன்.

"என்ன ஏம்மா பாக்குற?" என்றார் அவர். "ஒன் வண்டியக் கண்டாலே நான் வேலியோட ஒட்டிக்கிறேன். கிட்டக்க வந்து எண்ணெ வேற பூசுவனாக்கும்."

"என்ன பாப்பா, அந்த எண்ணெயா?" என்றது இன்னொரு குரல். அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. "நாந்தான் பூசுனேன்."

"எதுலப்பா பூசுனீங்க?"

"சக்கரத்துக்குள்ள வட்டமா தகடு இருக்குல்ல, அதுலதான். நீ ஊருல இல்லாதப்ப உப்புக் காத்துல செவசெவன்னு துருவேறிப் போச்சு. டீச்சர் வண்டி துருப்புடிச்சிக் கெடக்குன்னு நாலு பேரு சொல்லுவான். சக்கரத்தக் கழட்டி ரெண்டு பக்கமும் நல்லா பூசி வச்சேன். கழிவெண்ணெ இல்ல பாப்பா, புது எண்ணெ."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "அண்ணே, படகோட சேத்து மவ காரையும் கரையேத்திட்டியா!" கொட்டகையே சிரித்தது.

தடைக்காலத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டு ஆண்களும் செய்கிற வேலைதான் அது. இஞ்சின், சங்கிலி, விசிறியைச் சுழற்றும் தண்டு என்று படகில் இரும்பாக இருப்பது எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசுவார்கள். பூசாமல் விட்ட இரும்பை உப்புக் காற்று தின்றுவிடும்.

"அப்பா, அதுதான் பிரேக்கு" என்றேன்.

"எது?"

"நீங்க எண்ணெ பூசுன தகடு."

"பிரேக்கு கால் வைக்கிற எடத்துலல்ல இருக்கு?"

சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. மாமாதான் மெதுவாகச் சொன்னார்: "படகுக்கு ஏது பிரேக்கு. இஞ்சின அணைச்சா தண்ணி புடிச்சி நிறுத்திக்கிது. நாம எங்க கண்டோம்."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலைல அக்கா வண்டில இருந்துச்சா?"

"இருந்தாப்பா."

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். கையில் எண்ணெய் எதுவும் இல்லை. ஆனாலும் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒரு விரோதியை எதிர்கொள்ளத் தயாராகப் போயிருந்தேன். இதற்கு நான் தயாராக இல்லை.

அன்று இரவு அக்கா வீட்டுக்குள் இருந்தபடியே தீர்ப்பு சொன்னாள்: "நான் இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன். மீன் வண்டியே தேவல."

மறுநாள் நான் பட்டறைக்குப் போனபோது அப்பா எனக்கு முன்பே வந்து, கழற்றிய டிஸ்க்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பேடுகளை மாற்றியாகவேண்டும், அதில் பேச்சே இல்லை. எண்ணெய் குடித்த பேடு எத்தனை கழுவினாலும் சூடேறும்போது கசியும் என்றார் பாய். கேள்வி டிஸ்க்குகளைப் பற்றியது. எண்ணெயைத் துடைத்த பிறகு பார்த்தால், பேடு தேய்த்த இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம். வெளி ஓரம் மட்டும் தேயாமல் வயல் வரப்பு போல எழும்பி நின்றது.

"நல்ல இரும்பு" என்றார் அப்பா. "லேத்துல குடுத்து ஒரு சீவு சீவுனா சமமாயிடும். எங்க தண்டெல்லாம் அப்படித்தான் ஓடுது. நானே கொண்டுபோய் பக்கத்துல நின்னு சீவி எடுத்துட்டு வரேன்."

தான் கெடுத்ததைத் தன் கையாலேயே சரி செய்ய நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

பாய் டிஸ்க்கின் விளிம்பைத் துடைத்துக் காட்டினார். இதற்குக் கீழே தடிமன் குறையக்கூடாது என்று கம்பெனியே ஓர் அளவை அதில் பொறித்திருந்தது. அளவுகோலை வைத்துப் பிடித்தார். நான் குனிந்து படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். எல்லையைவிட ஒரு மயிரிழைதான் மிச்சம். இத்தனை மாதமும் இந்தத் தகட்டை நம்பித்தான் நான் சாலையில் போய்க்கொண்டிருந்தேன்.

"இப்புடியே போட்டா பள்ளத்துல புதுப் பேடு சரியா ஒக்காராது" என்றார் பாய். "சீவுனா சமமாவும், ஆனா இந்த அளவுக்குக் கீழ போயிடும். தகடு மெலிஞ்சா சூடு தாங்காது. கோணும், விரிசல்கூட வுடும். தடிமன் இருந்திருந்தா நானே லேத்துக்கு அனுப்பியிருப்பேன். சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். சரி என்று நான் சொன்னால் அவர் மனம் கொஞ்சம் ஆறும்.

"தண்டு மெலிஞ்சா படகு கடல்ல நிக்கும்பா. யாராவது வந்து இழுத்துட்டு வருவாங்க. இது மெலிஞ்சா வண்டி நிக்காது" என்றேன். "புதுசு போடுங்க பாய்."

அப்பா டிஸ்க்கை மெதுவாகத் தரையில் வைத்தார்.

புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகவேண்டும், காலியான சாலையில் ஓட்டி ஓட்டிப் பதமாக பிரேக் பிடியுங்கள் என்று பாய் சொல்லியிருந்தார். அப்பா கேட்காமலேயே என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஓட்டினேன். மிதித்தேன். வண்டி கவ்விக்கொண்டு நின்றது.

"இன்னொரு தடவ" என்றார்.

நின்றது.

"இன்னொரு தடவ, பாப்பா."

எனக்குக் கால் வலிக்கும் வரை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் முன்னால் போய் நின்று, "நிக்கிது. நான் ஒக்காந்து பாத்துட்டேன்" என்றார்.

கடற்கரையில் இரும்பு ஒரு ராத்திரிகூடச் சும்மா இருக்காது. காலையில் புது டிஸ்க்கின் மேல் மெல்லிய செம்மை படர்ந்திருந்தது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும்பா. நாலு தடவ மிதிச்சா தானா போயிடும்."

"நான் தொடவே இல்லையே" என்றார் அவசரமாக.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு வலி எடுத்தது. மாமாவே ஓடிப்போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா வாசலில் நின்று ஆட்டோவைப் பார்த்தாள், என் வண்டியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களும் வண்டில வருவீங்கள்ல?" என்று கேட்டாள்.

"முன்னாடி ஒக்காந்துக்கிறேன்" என்றார்.

அம்மாவும் அவளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அந்த மணல் குவியல் இருந்த இடம் வந்தபோது ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. மிதித்தேன். வண்டி நின்றது. பின்னால் அக்கா, "அம்மா, சீக்கிரம் போவச் சொல்லும்மா!" என்று கத்தினாள்.

கியரை மாற்றும்போது பக்கத்தில் பார்த்தேன். அப்பாவின் வலது கால் காரின் தரையை அழுத்தி மிதித்தபடி இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அவர் அந்தக் காலை எடுக்கவில்லை.