மெஷின் தெரிந்த பிள்ளை

மூன்று மாசத்துக்கு முந்தி ஒரு பேராசிரியர் எனக்குக் கோல் எடுத்தார். நான் ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். 'பேராசிரியர்' என்றதும் சாரத்தைச் சரிசெய்துகொண்டு எழும்பி நின்றேன். போனுக்குள்ளால் அவருக்குத் தெரியவா போகிறது?

விசயம் இதுதான். சல்லி என்கிற எங்கள் கடற்கரை ஊரில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெனிற்றா, புள்ளிவிபரவியல் பட்டதாரி. பல்கலைக்கழகமொன்றில் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கிழக்குப் பக்கத்துப் பேச்சைக் கம்ப்யூட்டர் கேட்டு எழுதுகிற ஆராய்ச்சி. அதற்குத் தேவையானதையெல்லாம் தானாகவே இணையத்தில் தேடிப் படித்தவள். இது சரிவராவிட்டால் நிலாவெளியில் ஹோட்டல் ரிசெப்ஷன்தான்... தகப்பன் ஏற்கெனவே கதைத்து வைத்துவிட்டார்.

அவளைப் பற்றி விசாரிக்க ஒரு ஆள் வேண்டுமாம். பத்திரிகையில் எழுதுகிறவர் என்று நம்பி என் பெயரைக் கொடுத்திருந்தாள். பாவம்.

"மெஷின் லேர்னிங்கில பிள்ளைக்கு அனுபவம் எப்பிடி?" என்று கேட்டார் பேராசிரியர்.

'லேர்னிங்' என் காதில் ஏறவேயில்லை. எங்கள் கரையில் மெஷின் என்றால் ஒன்றுதான் — படகின் பின்னால் பூட்டுகிற அவுட்போர்ட் எஞ்சின். கம்ப்யூட்டர் வேலைக்கு அது எதற்கு என்று யோசித்திருக்கலாம். யோசித்தால் கதை நின்றுவிடுமே!

"மெஷினோ சேர்? அவ மெஷினோட வளந்த பிள்ளை. தகப்பன்ர மெஷின் கடலுக்க நிண்டாலும், பிளக்கைக் கழட்டித் துடைச்சு ஸ்டார்ட் பண்ணிப்போடுவா."

 பேராசிரியர் மெதுவாக, "சந்தோசம்" என்று வைத்துவிட்டார்.

பெருமையோடு போய் ஜெனிற்றாவிடம் சொன்னேன். அவள் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

"அங்கிள், அது கம்ப்யூட்டருக்குப் படிப்பிக்கிற வேலை."

 அவள் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்டெல்லா அக்கா மட்டும் என்னைப் பார்த்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றார். 'போங்கோ' கொஞ்சம் பலமாக விழுந்தது.

நேர்முகத்தேர்வில் பேராசிரியரின் முதல் கேள்வியே அவுட்போர்ட்தான். சிரித்துக்கொண்டுதான் கேட்டாராம். இவள் சிரிக்கவில்லை.

"அங்கிள் பொய் சொல்லேல்லை சேர். எங்கட பக்கம் மெஷின் எண்டால் அதுதான். உங்கட கம்ப்யூட்டரும் எங்கட ஆக்களைக் கேட்டால் இதே இடத்திலதான் பிழைவிடும். அதுக்கு ஆர் சொல்லிக்குடுக்கிறது?"

வேலை கிடைத்துவிட்டது. என்னால் கிடைத்ததா, என்னையும் மீறிக் கிடைத்ததா? ஸ்டெல்லா அக்காவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆராய்ச்சிக்கு ஊர்க்குரல்கள் தேவையாம். முதல் ஆளாக என்னைப் பிடித்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தினாள். ஆசை தீரக் கதைத்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாகக் குறுக்கே பேசாமல் ஒன்று என்னைக் கேட்டது... நேற்றுத்தான் முடிவு வந்தது.

நான் கதைத்ததில் பாதியை, பேச்சில்லை, வெறும் இரைச்சல் என்று அது ஒதுக்கி வைத்திருக்கிறதாம்!