பச்சைக் கதவுக்காரி

அடிக்கிற புருஷனை விட்டு வந்த பிறகு, தையல்காரி தன் முகவரியை ரொம்பப் பார்த்துத்தான் கொடுப்பாள். அவளிடம் சட்டை தைத்து வாங்கிப்போன டீச்சர் ஒருவர், பூரித்துப்போய் அவளைப் புகழ்ந்து இணையத்தில் எழுதிவிட்டார். பெயர், தெரு, மாடியில் பச்சைக் கதவு, எல்லாம் அதில் இருந்தது. தங்கைதான் பார்த்துச் சொன்னாள்.

“பாராட்டுறேன்னு ஊருக்கே தண்டோரா போட்டுட்டாங்களேடி!” என்றாள் தையல்காரி.

அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்தி, பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு மிஷினை மிதித்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கால் தானாக நின்றுவிடும்.

தங்கை விடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் பதறிப்போய் எழுதியதை அழித்தார். அப்படியும் தேடினால் பழைய வரிகள் எட்டிப் பார்த்தன. அவற்றையும் நீக்கச் சொல்லித் தேடுதளத்துக்கு விண்ணப்பம் அனுப்பினாள்.

ஒருநாள் காலையில் போனை நீட்டினாள். “உன் பேரைப் போட்டுத் தேடினேன்க்கா. அப்படி ஒரு ஆளே இல்லையாம்!”

“அப்போ இங்க மிஷின் மிதிக்கிறது பேயா?”

சிரித்துக்கொண்டே வாங்கியவள் தானும் ஒருமுறை தேடினாள். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“கிழிஞ்ச தடமே தெரியலையே. எவனோ நல்ல தையல்காரன்டி!”

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். அன்று ஊசியில் நூல் கோக்க விளக்குத் தேவைப்படவில்லை.